பெட்டி உங்களுது... பதிவு யாருது?

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம் மக்களே! உங்க தாத்தா எப்பவாவது டி.வி-யில வந்திருக்காரா?

எங்க தாத்தா வந்தார். 2013-ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில. பென்னாகரம் பக்கம் எங்க ஊர். கோடை வந்துட்டா போதும், சுத்துப்பட்டு கிராமங்கள்ல பாரதக் கூத்து களைகட்டிடும். தாத்தா நாற்பது வருஷம் வேஷம் கட்டினவர். அர்ச்சுனன் தபசுக்கு அவர் மரம் ஏறினா, கீழே நிக்கிற கூட்டம் மூச்சு விடாது. ஒரு சானல்காரங்க வந்து படம் எடுத்துட்டுப் போய், இருபது நிமிஷ நிகழ்ச்சியா போட்டாங்க. தர்மபுரி டவுன்ல மாமா வீட்டுல ரெக்கார்டிங் வசதி உள்ள செட்-டாப் பாக்ஸ் இருந்தது. குடும்பமே அங்கே கூடி உட்கார்ந்தோம். மாமா ரிமோட்டில் சிவப்பு பட்டனை அமுக்கினார்.

"எப்ப வேணாலும் போட்டுப் பாத்துக்கலாம்ப்பா. பெட்டிக்குள்ளயேதான் இருக்கும்" என்றார் மாமா. தாத்தா அந்தப் பெட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

அடுத்த வருஷம் தாத்தா தவறிட்டார். காரியம் முடிஞ்ச ராத்திரி, எல்லாரும் ஒரு தடவை பார்க்கலாம்னு பெட்டியைப் போட்டா, படம் வரலை. மாச சந்தா முடிஞ்சிருந்தது! ரீசார்ஜ் பண்ணின பிறகுதான் தாத்தா முகம் வந்தது. கொஞ்ச மாசம் கழிச்சு பெட்டி ரிப்பேர். சர்வீஸ்காரர் வந்தார், பழசை எடுத்துக்கிட்டார், புதுசை மாட்டிட்டுப் போயிட்டார். ஹார்ட் டிஸ்க் பழைய பெட்டிக்குள்ள இருக்குன்னு அந்த நேரத்துல யாருக்கும் தோணலை. தாத்தா ரெண்டாவது தடவையா போயிட்டார்.

எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. அந்த ஒரு கம்பெனி சமாச்சாரம் இல்லை இது. வாடகைக்கு எடுத்தாலும், விலைக்கு வாங்கினாலும், நாமே செஞ்சாலும், டி.வி. ரெக்கார்டர்னு வந்துட்டா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: உள்ளே இருக்கிற பதிவு யாருது?

வாடகை: டெக் காலம் தொட்டு...

உங்க அம்மா, அப்பாகிட்ட 'டெக்'னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. முகத்துல லைட் எரியும்! எண்பதுகளில் காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழான்னா கலர் டி.வி-யும் டெக்கும் வாடகைக்கு வரும். கூடவே மூணு படம் கேசட். தெருவில் பாய் விரிச்சு, விடிய விடிய ஓடும். காலையில் வண்டி வந்து டி.வி., டெக், கேசட் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிடும். நமக்கு மிச்சம் தூக்கக் கலக்கம் மட்டும்தான்.

அந்த டெக்கின் உண்மையான வேலை படம் போடுறது மட்டும் இல்லை, ரெக்கார்ட் பண்றதும்தான். ஜப்பானின் சோனி 1975-ல் பீட்டாமேக்ஸ் கொண்டு வந்தது. அடுத்த வருஷமே ஜேவிசி கம்பெனியின் வி.எச்.எஸ். வந்தது. ராத்திரி வர்ற நிகழ்ச்சியைப் பதிஞ்சு வெச்சு மறுநாள் பார்க்கலாம். 'இது திருட்டு'ன்னு ஹாலிவுட் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு. 1984-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்ற மயிரிழை மெஜாரிட்டியில் தீர்ப்பு சொன்னது: வீட்டில் உட்கார்ந்து பிறகு பார்ப்பதற்காக ஒருத்தர் பதிவு செய்துகொள்வது தப்பு இல்லை!

நம்ம ஊர்ல? நம்ம காப்பிரைட் சட்டம் 1957-ம் வருஷத்தது. அதன் 39-வது பிரிவு, ஒளிபரப்பை ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்வதையும், உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்வதையும் உரிமை மீறல் இல்லைன்னு சொல்லுது. ஆனா அதை சி.டி. போட்டு வித்தாலோ, ஊருக்கே அப்லோடு பண்ணினாலோ கதை வேற. சொந்த உபயோகம்னா சொந்த உபயோகம்தான் பாஸ்!

டிஷ் காலத்துலயும் வாடகை முடிஞ்சு போகலை. டி.டி.எச். பெட்டியை முழு விலை, தவணை, வாடகைன்னு மூணு வழியிலும் கொடுக்கணும்னு டிராய் 2007-லேயே விதி போட்டது. வாடகையில் லாபம் என்னன்னா, கையில் மொத்தமா பணம் வேணாம், பெட்டி பழுதானா அவங்க பொறுப்பு. ஹாஸ்டல் மாதிரி ரெண்டு வருஷம் தங்கிட்டுக் கிளம்புற இடத்துக்கு இது சரி. நஷ்டம் என்னன்னா, டெக் கதையேதான். பெட்டி திரும்பிப் போகும்போது உள்ளே இருக்கிறதும் வண்டி ஏறிடும்.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது?

டி.வி.ஆர்., பி.வி.ஆர்.னு ரெண்டு பேர் சொல்வாங்க. ரெண்டும் ஒண்ணுதான். செட்-டாப் பாக்ஸுக்குள்ள ஒரு ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான்!

டெக் என்ன பண்ணுச்சு? வந்த படத்தை நாடாவில் காப்பி எடுத்தது. காப்பின்னாலே கொஞ்சம் மங்கும். டி.வி.ஆர். அப்படி இல்லை. சேட்டிலைட்டில் இருந்து படம் வரும்போதே அமுக்கிச் சுருட்டிய டிஜிட்டல் டேட்டாவா, 188 பைட் 188 பைட்டா குட்டிக் குட்டி பாக்கெட்டுகளில் வருது. அதில் நீங்க கேட்ட சானலின் பாக்கெட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து அப்படியே டிஸ்க்கில் எழுதிடும். அதனால டி.வி-யில் வந்த தரம் எதுவோ, பதிவிலும் அதே தரம். ஒரு சொட்டு குறையாது.

லைவ் மேட்ச்சை பாஸ் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வர்றது எப்படின்னா, நீங்க பார்க்கும்போதே பெட்டி பின்னாடி எழுதிக்கிட்டே இருக்கும். பட்டனை அமுக்கினா உங்களுக்குத்தான் படம் நிக்கும், எழுதுறது நிக்காது. ஒரு சானல் பார்த்துக்கிட்டே இன்னொண்ணை ரெக்கார்ட் பண்ணணும்னா ட்யூனர் ரெண்டு வேணும். 'ட்யூனர் எத்தனை?'ங்கிறதை ஷோரூமில் கேட்க மறக்காதீங்க.

1999-ல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டி.வி.ன்னு ரெண்டு பெட்டிகள் இதை ஆரம்பிச்சு வெச்சுது. 2001-ல் இங்கிலாந்தில் ஸ்கை பிளஸ் வந்தது. நம்ம நாட்டில் டி.டி.எச். சேவையே 2003-ல் டிஷ் டி.வி-யோடதான் ஆரம்பம். 2006-ல் டாடா ஸ்கை, 2007 கடைசியில் சன் டைரக்ட். 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் 160 ஜி.பி. டிஸ்க்கோட வந்தப்போ விலை கிட்டத்தட்ட 9,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2006 செப்டம்பரில் ஆரம்பிச்சு வீட்டுக்கு வீடு இலவச கலர் டி.வி. கொடுத்துக்கிட்டு இருந்த காலம் அது. டி.வி. இலவசம், ரெக்கார்டர் ஒன்பதாயிரம்! நம்ம மாவட்டத்துல எத்தனை வீட்டுல வாங்கியிருப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

வாங்கலாமா?

மாமா வாங்கினது 2012-ல். காரணத்தைக் கேட்டா சிரிப்பீங்க. கரன்ட் கட்! அந்த வருஷம் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க தினம் பல மணி நேரம் மின்வெட்டு. 'நைட்டு கரன்ட் இல்லாதப்போ வர்ற நிகழ்ச்சியை ரெக்கார்ட் பண்ணி, கரன்ட் வந்ததும் பாத்துக்கலாம்'னு மாமாவுக்கு ஐடியா. வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டின பிறகுதான் உறைச்சது: ரெக்கார்ட் பண்ணவும் கரன்ட் வேணுமே! அப்புறம் இன்வெர்ட்டர் வாங்கினது தனிக் கதை.

சரி, விலை கொடுத்து வாங்கின பெட்டியில் தாத்தா எப்படிக் காணாமப் போனார்? அங்கேதான் விஷயம். கட்டண சானல்கள் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வானத்தில் இருந்து வரும். சந்தா கட்டினவங்க பெட்டியில் மட்டும் அந்தப் பூட்டு திறக்கும். ரெக்கார்ட் ஆகும்போதும் டேட்டா பூட்டோடவேதான் டிஸ்க்கில் உட்காரும். சந்தா நின்னா சாவி வேலை செய்யாது. டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினாலும் வெறும் குப்பை மாதிரித்தான் தெரியும். யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் மாட்டிக்கிற கட்டணப் பெட்டிகளிலும் இதே கதைதான். டிஸ்க் உங்க காசு, ஆனா அந்தப் பெட்டியை விட்டா வேற எங்கேயும் ஓடாது.

சானல் பக்கமும் நியாயம் இருக்கு. பூட்டு இல்லைன்னா, ஒருத்தர் ரெக்கார்ட் பண்ணின புதுப்படம் மறுநாள் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துக்கு வந்துடும். ஆனா அந்தப் பூட்டுக்குப் புதுப்படம் எது, எங்க தாத்தா எதுன்னு தெரியாதே!

அதனால கட்டணப் பெட்டியை வாங்கலாம், தப்பே இல்லை. கிரிக்கெட், சீரியல், 'இன்னிக்கு மிஸ் ஆனதை நாளைக்குப் பார்க்கிறது'... இதுக்கெல்லாம் சூப்பர். அதை ஒரு அலமாரியா மட்டும் நினைச்சுடாதீங்க. அது லாட்ஜ் ரூம். வாடகை கட்டுற வரைக்கும்தான் உங்க சாமான் பத்திரம்.

செஞ்சுக்கலாமா? ஒரு பத்தாம் வகுப்புக் கதை

2020. ஸ்கூல் எல்லாம் மூடியாச்சு. என் தங்கச்சி பத்தாவது. 2019 ஆகஸ்டில் ஆரம்பிச்ச கல்வி தொலைக்காட்சியில் வகுப்பு வாரியா நேரம் போட்டுப் பாடம் ஓடிச்சு. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் அப்பாவோட வேலைக்குப் போயிடும். அதனால எங்களுக்கு டி.வி-தான் ஸ்கூல். ஆனா அந்த நேரத்துக்குக் கரன்ட் போகும், மாடு கட்டு அவிழ்த்துக்கிட்டு ஓடும், தக்காளிக்குத் தண்ணி பாய்ச்சற முறை வரும். டீச்சர் திரும்பச் சொல்ல மாட்டாங்களே, டி.வி-யாச்சே! ஒரு வாரத்துல மூணு கணக்குப் பாடம் போச்சு. "நான் ஃபெயிலாயிடுவேன்ண்ணா"ன்னு அழ ஆரம்பிச்சிட்டா.

அப்பதான் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. செட்-டாப் பாக்ஸ் பின்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு பின் இருக்குமே, அந்த ஏ.வி. அவுட்டை கம்ப்யூட்டருக்குள்ள இழுக்க ஒரு யு.எஸ்.பி. கேப்சர் ஸ்டிக் போதும். சில நூறு ரூபாய் சமாச்சாரம். தர்மபுரியில் டி.வி. மெக்கானிக் அண்ணன் ஒருத்தர்கிட்ட வாங்கினேன். "எதுக்கு தம்பி, கல்யாண கேசட்டை மாத்தவா?"ன்னு கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஒயரை ஃப்ரீயா கொடுத்துட்டார்.

வேலை செஞ்சுது! ஒரே ஒரு சிக்கல். இந்த முறையில் பெட்டி எந்த சானலைக் காட்டுதோ, அதுதான் பதிவாகும். அம்மா நடுவுல சீரியலுக்கு மாத்தினா, முக்கோணவியல் பாதியில் நின்னு மாமியார் வந்து நிப்பாங்க! அப்படி ரெண்டு பாடம் இன்னும் அந்த டிஸ்க்கில் இருக்கு. படமும் கொஞ்சம் மங்கல்தான், டெக் காலத்துக் காப்பி மாதிரி. பரவாயில்லை. தங்கச்சி ராத்திரி ஒன்பது மணிக்கு, புரியாத இடத்தில் நிறுத்தி, திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தா. மூணு மாசத்துல தெருவில் இருந்த இன்னும் ரெண்டு பத்தாவது பிள்ளைங்களும் எங்க திண்ணைக்கு வந்துட்டாங்க.

மலை மறைக்குமா?

இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. பூட்டே இல்லாத சானல்கள்! 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ்ங்கிற பேரில் தூர்தர்ஷன் ஆரம்பிச்ச இலவச சேவை, இப்போ டி.டி. ஃப்ரீ டிஷ். மாச சந்தா கிடையாது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்க சுமார் 2,000 ரூபாய் ஒரு தடவை செலவு, அதோட சரி. கட்டண சானல்கள் இதில் வராது. 2024 ஜனவரியில் பொதிகை பேர் மாறி டி.டி. தமிழ் ஆச்சே, அது வரும்.

காலேஜ் பிள்ளைகளுக்கு இதில் ஒரு புதையல் இருக்கு. 2017-ல் மத்திய அரசு 32 சானல்களோட ஆரம்பிச்ச ஸ்வயம் பிரபா. ஐ.ஐ.டி., யு.ஜி.சி., இக்னோ மாதிரி இடங்களில் தயாராகும் பாடங்கள், ஃப்ரீ டிஷ் வர்ற அதே ஜிசாட்-15 சேட்டிலைட் வழியா வருது. எம்பெக்-4 பெட்டியா இருக்கணும், அதான் கண்டிஷன். இதை யோசிச்சவங்க மூளையைப் பாருங்க: தினம் குறைஞ்சது 4 மணி நேரம் புதுப் பாடம், அதை இன்னும் ஐந்து தடவை திரும்பப் போடுவாங்க. 4 x 6 = 24! காலையில் விட்டா மதியம், மதியம் விட்டா ராத்திரி. ரெக்கார்டர் இல்லாதவங்களுக்காக சானலே ரெக்கார்டர் வேலை பார்க்குது. ஆனா நாளைக்குப் புதுப் பாடம் வந்துடும். செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி வேணும்னா, நாமதான் பிடிச்சு வைக்கணும்.

'எங்க ஊரைச் சுத்தி மலை, சிக்னல் எங்கே வரும்?'னு சித்தேரி, வத்தல்மலை பக்கத்து நண்பர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தேர்தலுக்கு ஓட்டு மெஷினைக் கழுதை மேல ஏத்திக் கொண்டு போற கோட்டூர் மலையும் நம்ம மாவட்டத்துலதானே இருக்கு! செல்போன் டவர் தரையில் நிக்குது. நடுவில் ஒரு குன்று வந்தாலும் காலி. ஆனா சேட்டிலைட் நிக்கிறது 35,786 கிலோ மீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 93.5 டிகிரி கிழக்கில். தர்மபுரியில் இருந்து கணக்குப் போட்டா, அது தென்கிழக்கில், தரையில் இருந்து ஏறத்தாழ 67 டிகிரி உசரத்தில் வருது. கிட்டத்தட்ட தலைக்கு மேலே! அந்த உசரத்துக்கு எந்த மலையும் வந்து நிக்காது. தென்னை மரம்தான் வில்லன். அதைப் பார்த்துத் தள்ளி வெச்சா போதும். (டிஷ் பார்க்கிறதுக்கு அவ்வளவு அண்ணாந்து இருக்காது. நம்ம வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் டைப். முகம் தாழ்ந்திருந்தாலும் அதோட பார்வை மேலேதான்.)

ரெக்கார்டிங்குக்கு ரெண்டு வழி இருக்கு.

சுலபமான வழி: யு.எஸ்.பி. ரெக்கார்டிங் உள்ள ஃப்ரீ டிஷ் பெட்டி. கடையில் நிறைய மாடல் இருக்கு. ஆனா யு.எஸ்.பி. ஓட்டை இருந்தா மட்டும் நம்பாதீங்க. சிலதில் பாட்டு, போட்டோ போட மட்டும்தான் அது. பென் டிரைவைக் கையோட கொண்டு போய், அஞ்சு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி, அதைக் கடையில் இருக்கிற லேப்டாப்பில் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க. ஓடினா பதிவு உங்களுது. ஓடலைன்னா அதுவும் லாட்ஜ் ரூம்தான்.

கெத்தான வழி: பழைய கம்ப்யூட்டரில் டி.வி.பி-எஸ்2 ட்யூனர் கார்டு, லினக்ஸ், அதுக்கு மேல ஒரு இலவச சாஃப்ட்வேர். 2000 வாக்கில் ஜெர்மனியில் உருவான வி.டி.ஆர்., 2002-ல் ஆரம்பிச்ச மித் டி.வி., அப்புறம் டி.வி-ஹெட்எண்ட்... எல்லாம் ஆர்வக்கோளாறு பார்ட்டிகள் சேர்ந்து எழுதினது. நிகழ்ச்சி அட்டவணையைக் காட்டும், 'தினம் மாலை 6 மணி இந்த சானல்'னு சொல்லி வெச்சா தானா பிடிச்சு வைக்கும். ஹாஸ்டல் நெட்வொர்க்கில் இணைச்சா பத்து ரூமில் பார்க்கலாம். ஆனா பூட்டு இல்லாத சானல்கள் மட்டும்தான். ட்யூனர் வாங்குறதுக்கு முன்னாடி லினக்ஸில் அதுக்கு டிரைவர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மூணு ராத்திரி தூக்கம் போகும். செட்டிக்கரை இன்ஜினீயரிங் காலேஜ் மாதிரி இடங்களில் இருக்கிற இ.சி.இ. பசங்களுக்கு மினி புராஜெக்ட்டுக்கு வேற தலைப்பே வேணாம்!

அனுபவஸ்தன் சொல்றேன்!

* சாதாரண சானல் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வந்தா, ஒரு மணி நேரத்துக்கு சுமார் 900 எம்.பி. அப்போ 64 ஜி.பி. பென் டிரைவில் அறுபது மணி நேரத்துக்கு மேல பிடிக்கும். எச்.டி-ன்னா இடம் மளமளன்னு காலியாகும்.

* பென் டிரைவ் ஃபேட்-32 ஃபார்மேட்டில் இருந்தா ஒரு ஃபைல் 4 ஜி.பி-க்கு மேல போகாது. நீளமான பதிவு துண்டு துண்டா விழுந்தா பயப்படாதீங்க, வரிசையா போட்டுப் பார்க்கலாம்.

* டைமர் வைக்கும்போது முன்னாடி 5 நிமிஷம், பின்னாடி 10 நிமிஷம் சேர்த்து வைங்க. சானல் கடிகாரமும் நம்ம கடிகாரமும் எப்பவும் ஒத்துப் போகாது.

* பதிவு நடுவில் கரன்ட் போனா, ஃபைலே கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு. பெட்டியின் அடாப்டரில் '12 வோல்ட்'னு போட்டிருந்தா, மோடத்துக்கு வைக்கிற குட்டி யு.பி.எஸ். போதும். ஆம்பியர் அளவையும் பொருத்திப் பாருங்க.

* பெருமழை பெய்யும்போது சிக்னல் விழும். இந்த கே.யு. பேண்ட் அலைகளுக்கு மழைன்னா அலர்ஜி. அரை மணி நேரத்தில் வந்துடும், டிஷ்ஷைத் திருகாதீங்க!

* முக்கியமானதை ரெண்டு இடத்தில் வைங்க. ஒரு காப்பின்னா, காப்பியே இல்லைன்னு அர்த்தம்.

'போன் இருக்கே, இது எதுக்கு?'

வந்துட்டீங்களா! தெரியும், இந்தக் கேள்வி வரும்னு. 2016-ல் ஜியோ வந்த பிறகு டி.வி. நம்ம பாக்கெட்டுக்குள்ள வந்தாச்சு. விட்ட நிகழ்ச்சியை ஆப்பில் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குப் பதில், இன்டர்நெட்டோட இணையுற பெட்டிகளை டி.டி.எச். கம்பெனிகளே விற்க ஆரம்பிச்சாச்சு. டாடா ஸ்கையே 2022-ல் டாடா பிளே ஆயிடுச்சு. இந்த விளையாட்டை ஆரம்பிச்சு வெச்ச டிவோ, 2025-ல் பெட்டி விற்கிறதையே நிறுத்திடுச்சு.

ஆனா ஆப்பில் இருக்கிறதும் லாட்ஜ் ரூம்தானே பாஸ்? சில நாள் இருக்கும், அப்புறம் எடுத்துடுவாங்க. போன மாசம் பார்த்த படம் இந்த மாசம் ஆப்பில் காணோம்னு நீங்களே எத்தனை தடவை புலம்பியிருக்கீங்க? அதுவும் டவர் இருக்கிற இடத்தில்தான், டேட்டா தீராத வரைக்கும்தான். ஒரு பாடத்தை ஐம்பது பேர் ஆப்பில் பார்த்தா ஐம்பது பேர் டேட்டா போகும். சேட்டிலைட்டில் இருந்து ஒரு தடவை பிடிச்சா, திண்ணையில் ஐம்பது பேரும் பார்க்கலாம், மறுநாளும் பார்க்கலாம்.

அதனால எல்லாரும் ஓடிப் போய் ரெக்கார்டர் வாங்குங்கன்னு நான் சொல்ல வரலை. எதுக்கு வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. பார்த்துட்டு அழிச்சிடுற மேட்ச்சுக்கும் சீரியலுக்கும் வாடகைப் பெட்டி, கட்டணப் பெட்டி, ஆப் எல்லாமே ஓகே. பரீட்சை வரைக்கும் வேணும்ங்கிற பாடத்துக்கு ஃப்ரீ டிஷ்ஷும் பென் டிரைவும். காலத்துக்கும் வேணும்ங்கிறது டி.வி-யில் வந்தா? வேற பெட்டியிலும் ஓடுற மாதிரி, உங்க கையில் ஒரு காப்பி இருந்தே ஆகணும். பூட்டுப் போட்ட சானலா? அப்போ நிகழ்ச்சி எடுத்தவங்களுக்கே ஒரு கடிதாசு போட்டு, அந்த அளவுக்கு மட்டும் ஒரு காப்பி கேளுங்க. வெட்கப்படாதீங்க. நாங்க கேட்கலை. கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்களோ என்னவோ! தோணும்போது ஏழு வருஷம் ஓடிப் போச்சு, அந்த நிகழ்ச்சியே நின்னு போச்சு.

தங்கச்சி இப்போ காலேஜ் படிக்கிறா. போன கோடையில் பக்கத்து ஊர்ல பாரதக் கூத்து. தாத்தாகிட்ட கத்துக்கிட்ட ஒருத்தர்தான் இப்போ அர்ச்சுனன் வேஷம். அவர் மரம் ஏற ஆரம்பிச்சதும், கூட்டத்துல பாதிப்பேர் போனைத் தூக்கினாங்க. தங்கச்சியும் எடுத்தா. விடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், தூங்கக்கூடப் போகாம பழைய கம்ப்யூட்டரைப் போட்டு அதில் ஏத்தினா. அப்புறம் பென் டிரைவிலும் ஒண்ணு.

"எதுக்குடி ரெண்டு?"ன்னு அம்மா கேட்டாங்க.

"ஒண்ணு நமக்கு. ஒண்ணு வேஷம் கட்டினவரோட பேரனுக்கு"ன்னா.

நான் எதுவும் பேசலை. பென் டிரைவ் மேல பேர் எழுத ஸ்டிக்கர் தேடிக் கொடுத்தேன்.